கடற்படைக் கொடிகளும் அவற்றின் மரியாதை முறைகளும்

நிலத்தில் ஓர் அரசின் எல்லையை மலையும் ஆறும் எல்லைக்கல்லும் காட்டிக் கொடுக்கும். கடலிலோ அத்தகைய அடையாளம் ஏதுமில்லை. கரையை விட்டுப் பல காதம் விலகிச் செல்லும் ஒரு போர்க்கப்பல் எந்த நாட்டுக்கு உரியது, அதில் யாருடைய ஆணை செல்கிறது, அது நட்புடன் வருகிறதா, பகையுடன் வருகிறதா என்னும் வினாக்களுக்கெல்லாம் அதன் மரத்திலும் பின்புறத்திலும் பறக்கும் துணியே நெடுங்காலமாக விடையளித்து வந்திருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் பறந்த பலவகைக் கொடிகளை வரிசைப்படுத்தும் பட்டினப்பாலை, துறையில் அசைந்து நின்ற நாவாய்களின் கூம்புகளில் விளங்கிய கொடிகளையும் அவ்வரிசையில் சேர்த்துச் சொல்கிறது; ஆகவே கப்பலும் கொடியும் சேர்ந்த காட்சி தமிழருக்குப் புதிதன்று. ஆயினும் எந்தக் கொடி, எந்த இடத்தில், எந்த வேளையில், எவ்விதம் ஏறவேண்டும் என்பதற்கு இன்று உலகக் கடற்படைகள் பெரும்பாலும் கைக்கொள்ளும் விதிகள், கடந்த நான்கு நூற்றாண்டுகளில் ஐரோப்பியக் கடற்படைகளில், சிறப்பாகப் பிரிட்டிஷ் கடற்படையில், படிப்படியாக உருவானவை. இவை வெறும் ஆடம்பரமா, அன்றி இவற்றுள் சட்டமும் நியாயமும் உறைகின்றனவா, ஒரு தேசம் தன் கொடியின் சின்னத்தை மாற்றிக்கொள்ளும்போது இவற்றுள் எது மாறுகிறது, எது நிலைக்கிறது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சட்டத்தின் நிலையைப் பார்ப்போம். 1958-ஆம் ஆண்டின் ஜெனிவா ஒப்பந்தமும், அதன் பின்னர் 1982-இல் நிறைவேறிய ஐக்கிய நாடுகளின் கடற்சட்ட ஒப்பந்தமும், போர்க்கப்பல் என்பது இன்னதென்று வரையறுக்கையில், அதன் பீரங்கிகளைப் பற்றியோ பருமனைப் பற்றியோ பேசுவதில்லை. அது ஒரு நாட்டின் படையைச் சேர்ந்ததாகவும், அந்நாட்டின் போர்க்கப்பலென்று காட்டும் வெளி அடையாளங்களை உடையதாகவும், அரசால் முறையாக நியமிக்கப்பட்ட அதிகாரியின் தலைமையில், படை ஒழுங்குக்குக் கட்டுப்பட்ட மாலுமிகளைக் கொண்டதாகவும் இருக்க வேண்டும் என்பதே அவற்றின் இலக்கணம். இவ்விலக்கணம் பொருந்திய கப்பலை நடுக்கடலில் பிற நாட்டார் எவரும் நிறுத்திச் சோதிக்க இயலாது. அத்தகைய பூரண விலக்குரிமை அதற்கு உண்டு. அந்த உரிமையின் வெளி அடையாளங்களுள் முதன்மையானது கொடி. தன் கொடியைப் பறக்கவிடும் உரிமையை யாருக்கு அளிப்பது என்பதைத் தீர்மானிப்பது அந்தந்த அரசே என்னும் பொதுவிதியை, 1905-இல், மஸ்கட் நகரத்துப் படகோட்டிகள் பிரெஞ்சுக் கொடி ஏற்றியதைக் குறித்துப் பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் எழுந்த வழக்கில், ஹேக் நகரத்து நடுவர் மன்றம் உறுதிப்படுத்தியது. அந்த வழக்குக்குக் காரணமானவை அரபிக்கடலில் சரக்கேற்றித் திரிந்த சாதாரணப் பாய்மரப் படகுகளே என்பது நினைவில் நிறுத்தத் தக்கது.

ஒரு போர்க்கப்பலில் கொடிக்கு உரிய இடங்கள் மூன்று. நம் கடற்கரை மக்கள் அமரம் என்று வழங்கும் பின்புறத்தில் பறப்பது என்சைன் எனப்படும் படைக்கொடி; கப்பலின் தேசத்தையும் படையையும் அறிவிப்பது அது. அணியம் என்னும் முன்முனையில் சிறு கம்பத்தில் பறப்பது ஜாக். இந்தியக் கடற்படையில் மூவர்ணக் கொடியே இவ்விடத்தில் பறக்கிறது. மூன்றாவது, உச்சி மரத்தில் இரவும் பகலும் இறங்காமல் பறக்கும் மெல்லிய நீண்ட பென்னன்ட். இக்கப்பல் படைப்பணியில் இருக்கிறது, இதற்கு அரசு நியமித்த தலைவர் இருக்கிறார் என்பதே அதன் பொருள். ஜாக் மட்டும் கப்பல் துறைமுகத்தில் கட்டப்பட்டோ நங்கூரமிட்டோ நிற்கையில் ஏற்றப்பட்டு, புறப்பட்டவுடன் இறக்கப்படுகிறது. முன்முனைப் பாய்கள் பெருகிய காலத்தில், ஓடும் கப்பலில் அந்த இடத்தில் கம்பம் நிறுத்தினால் பாய்க்கு இடையூறாகும் என்பதனால் ஏற்பட்ட வழக்கம் அது. பாய்கள் மறைந்தும் அது மறையவில்லை. பென்னன்ட்டைப் பற்றி ஒரு கதையும் உண்டு: ஆங்கிலேயரைக் கடலிலிருந்து பெருக்கித் தள்ளுவேன் என்று டச்சுத் தளகர்த்தர் டிராம்ப் மரத்தில் துடைப்பம் கட்டினாராம், உன்னைச் சவுக்கால் அடிப்பேன் என்று ஆங்கிலத் தளகர்த்தர் பிளேக் சவுக்குப் போன்ற கொடியை ஏற்றினாராம். சுவையான கதைதான், ஆனால் அத்தகைய நீள்கொடி அவ்விருவர் காலத்துக்கு முன்பே வழக்கில் இருந்ததாகையால், சரித்திர ஆசிரியர்கள் இதை ஏற்பதில்லை.

உச்சி மரம் அதிகாரத்தின் இடமாகையால், அங்கே ஒரு காலத்தில் ஓர் அதிகாரமே பேசவேண்டும் என்பது பிரிட்டிஷ் மரபு. கப்பல் தலைவரின் ஆணைக்கு மேற்பட்ட ஆணையுடைய அட்மிரல் கப்பலில் தம் கொடியை ஏற்றினால், பென்னன்ட் இறங்கி அதற்கு இடம் கொடுக்கிறது. அரசரே வந்தால் அட்மிரலின் கொடியும் விலகி அரசரின் கொடி ஏறுகிறது. அக்கடற்படையில் அட்மிரலுக்கு வெண்ணிறத்தில் சிவப்புச் சிலுவை மட்டும், துணை அட்மிரலுக்கு அத்துடன் ஒரு சிவப்பு வட்டம், ரியர் அட்மிரலுக்கு இரண்டு வட்டம் என்று, பதவி குறையக் குறைய அடையாளம் கூடும் விசித்திரமான ஏற்பாடு நிலவுகிறது. கொடியேற்றும் உரிமை பெற்ற தளபதி தங்கியிருப்பது கொடிக்கப்பல். அவர் வேறு கப்பலுக்குச் சென்றால் கொடியும் உடன் செல்ல, நேற்றுவரை கொடிக்கப்பலாக இருந்தது இன்று சாதாரணக் கப்பலாகிவிடும். சிறப்பு கப்பலுக்கு உரியதன்று, ஆணைக்கே உரியது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கம் வேறில்லை.

அன்றாட வழிபாடு போலவே நடைபெறும் காலைக் கொடியேற்றத்தைச் சற்று அருகிலிருந்து காண்போம். துறைமுகத்தில் நிற்கும் கப்பலில், எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, சமிக்ஞை மேடையில் முன்னறிவிப்புக் கொடி ஒன்று ஏறுகிறது. அமரத்தில் கொடிக் கம்பத்தடியில் மாலுமிகள் தயாராக நிற்கிறார்கள். ஒருவர் கையில் கயிறு, மற்றவர் கையில் மடிப்புக் கலையாத படைக்கொடி. அணியத்திலும் இவ்வாறே ஜாக்குக்கு ஆட்கள் நிற்க, துப்பாக்கி ஏந்திய காவலணி பின்தளத்தில் வரிசை கொள்கிறது. துறைமுகத்தில் பல போர்க்கப்பல்கள் இருந்தால், பதவியில் மூத்த தலைவரின் கப்பலைப் பார்த்தே மற்றவை நேரத்தைக் கணித்துக்கொள்ளும். முந்துவதும் பிந்துவதும் இரண்டுமே குற்றம். மணி அடித்து முன்னறிவிப்புக் கொடி இறங்கிய நொடியில், அமரத்திலும் அணியத்திலும் கொடிகள் ஒருசேர ஏற, தளத்தில் இருந்தவர் யாவரும் அவரவர் நின்ற இடத்திலேயே கொடியை நோக்கி அசையாமல் நிற்கிறார்கள். அந்நிய நாட்டுத் துறைமுகமாயின், தன் நாட்டுக் கீதம் இசைத்து முடிந்தபின், விருந்தோம்பும் நாட்டின் கீதமும், பிறகு அங்கு வந்திருக்கும் மற்ற நாட்டுப் போர்க்கப்பல்களுக்குரிய கீதங்களும் இசைக்கப்படுகின்றன. சூரியன் மறைகையில் கொடி அதே மரியாதையுடன் இறங்குகிறது. கொடியை விறுவிறுப்பாக ஏற்றவும் நிதானமாக இறக்கவும் வேண்டும் என்று இந்தியக் கொடிச் சட்டத் தொகுப்பும் விதிக்கிறது. பிரிட்டனிலோ நவம்பர் 1 முதல் பிப்ரவரி 14 வரை, குளிர்காலத்தில் பொழுது தாமதித்துப் புலர்வதை முன்னிட்டு, இச்சடங்கு ஒன்பது மணிக்கு நடைபெறுகிறது.

இனி, கப்பலும் கப்பலும் கடலில் எதிர்ப்படும்போது செய்துகொள்ளும் உபசாரத்தை நோக்குவோம். வணிகக் கப்பல் ஒன்று போர்க்கப்பலைக் கடக்கும்போது தன் கொடியைப் பாதி தாழ்த்தி வணக்கம் செலுத்தும். போர்க்கப்பல் தன் கொடியைத் தாழ்த்தி உடனே உயர்த்தி அவ்வணக்கத்தை ஏற்கும். அதன்பின் வணிகக் கப்பலும் தன் கொடியை உயர்த்திக்கொள்ளும். போர்க்கப்பல் தானாக முந்திக்கொண்டு தாழ்த்துவதில்லை. இன்று சில வினாடிகளில் முடிந்துவிடும் இவ்வுபசாரத்துக்காக ஒரு காலத்தில் இரத்தம் சிந்தப்பட்டது என்றால் இக்காலத்தவர் நம்புவது அரிது. தம் தீவைச் சூழ்ந்த குறுங்கடல்களில் பிற நாட்டுக் கப்பல்கள் யாவும் தமக்குக் கொடி தாழ்த்த வேண்டும் என்று ஆங்கிலேயர் வற்புறுத்தி வந்தனர். 1652-ஆம் ஆண்டு மே மாதத்தில், டோவர் துறைக்கு அருகே பிளேக்கின் கப்பற்படையும் டிராம்பின் கப்பற்படையும் எதிர்ப்பட்டபோது இம்மரியாதையைக் குறித்தே பூசல் மூண்டு, அது முதலாம் ஆங்கில-டச்சு யுத்தமாக வளர்ந்தது. வாணிபப் போட்டியே அந்த யுத்தத்தின் மெய்யான காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் வெடிமருந்தில் விழுந்த பொறி ஒரு கொடி தாழாமையே. 1654-இல் ஏற்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் உடன்படிக்கையில் டச்சுக்காரர் இவ்வணக்கத்துக்கு உடன்பட வேண்டியதாயிற்று. பின்வந்த காலத்தில் ஆங்கிலேயர் இவ்வுரிமைக் கோரிக்கையைத் தாமே கைவிட்டனர். வற்புறுத்திப் பெற்ற காலத்தில் போருக்கு வித்தான அதே செயல், விரும்பிச் செய்யப்பட்டபோது நற்பண்பாக மாறிற்று.

நம் ஊர்களில் வாசலில் கட்டிய மாவிலைத் தோரணம் சுபகாரியத்தையும், செருகிய வேப்பிலை அம்மை கண்ட வீட்டையும் கேளாமலே அறிவிப்பதுபோல, கப்பலின் மகிழ்ச்சியையும் துக்கத்தையும் கொடிகளே வெளியிடுகின்றன. குடியரசு தினம், சுதந்திர தினம் போன்ற நாட்களிலும், குடியரசுத் தலைவர் கடற்படையைப் பார்வையிடும் வைபவத்திலும், அணியத்திலிருந்து மரத்தின் உச்சி வழியாக அமரம் வரை சமிக்ஞைக் கொடிகளைக் கோத்துத் தொங்கவிடுவது வழக்கம். பார்ப்பவருக்குப் பல வண்ணக் குவியலாகத் தோன்றும் அம்மாலை, உண்மையில் மனம்போன போக்கில் கோக்கப்பட்டதன்று. தற்செயலாகவேனும் ஏதோ ஒரு செய்தியாகப் பொருள்பட்டு விடாதவாறு வரிசை முன்கூட்டியே விதிக்கப்பட்டிருக்கிறது. நாட்டுக் கொடிகளையும் படைக்கொடிகளையும் அலங்காரப் பொருளாக அம்மாலையில் கலப்பதும் தகாது. துக்க காலத்தில் கொடி அரைக்கம்பத்தில் பறக்கும். அப்போதும் முதலில் உச்சிவரை ஏற்றியே பாதிக்கு இறக்கவும், மாலையில் இறக்குமுன் மீண்டும் உச்சியைத் தொடுவிக்கவும் வேண்டும். துயரம் கொடியைத் தாழ்த்தலாம். தாழ்ந்த நிலையே கொடியின் இயல்பு என்று எவரும் கருத இடமளிக்கலாகாது என்பது இதன் கருத்து.

கப்பலுக்கும் பிறப்பு இறப்பு உண்டென்று கொண்டால், அவற்றை உணர்த்துவனவும் கொடிகளே. பணியில் சேர்க்கப்படும் நாளில் படைக்கொடியும் ஜாக்கும் முதன்முறையாக ஏறி, உச்சியில் பென்னன்ட் அவிழும்போதுதான், கட்டுமானத் துறையின் இரும்புக்கூடு கடற்படையின் கப்பலாகிறது. விடைபெறும் கப்பல், தன் நீளத்தையும் பணியாற்றிய காலத்தையும் ஒட்டிப் பல மடங்கு நீண்ட பென்னன்ட் ஒன்றைப் பறக்கவிடும். இறுதி நாளில் சூரிய அஸ்தமனத்தில் கொடிகள் கடைசி முறையாக இறங்குகின்றன. 1959-இல் ஹெர்மிஸ் என்னும் பெயருடன் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்து, 1987-இல் விராட் என்னும் பெயருடன் இந்தியக் கடற்படைக்கு வந்து, 2017 மார்ச் 6-ஆம் நாள் மும்பையில் விடைபெற்ற விமானந்தாங்கிக் கப்பலை இங்கே எடுத்துக்காட்டலாம். அதன் அமரத்தில் 1987-இல் நிகழ்ந்த மாற்றம் கண்ணுக்கு மிகச் சிறியது: வெண்மை நிலத்தில் செஞ்சிலுவை இரு கொடிகளுக்கும் பொதுவாயிருக்க, மேல் மூலையில் மட்டும் பிரிட்டிஷ் சின்னம் போய் மூவர்ணம் வந்தது. ஆனால் அந்த மூலையின் மாற்றத்தோடு கப்பலின் ஆணையும், சட்டமும், விசுவாசமும் முழுமையாக மாறிவிட்டன.

போர்க்காலத்தில் இம்மரபுகள் உச்ச நிலையை அடைகின்றன. பாய்மரக் காலத்தில் கொடியை இறக்குவதென்றால் சரணடைந்தோம் என்று பொருள். அதன்பின் சுடுவது இருதரப்பாருக்கும் இழிவு. எனவே குண்டுபட்டுக் கொடி வீழ்ந்தால் எதிரி அதைச் சரணாகதி என்று கொண்டுவிடுவான் என்னும் அச்சம் எப்போதும் இருந்தது. 1797 அக்டோபர் 11-ஆம் நாள் கேம்பர்டவுன் போரில், அட்மிரல் டங்கனின் வெனரபிள் கப்பலில் மரம் முறிந்து கொடி வீழ்ந்தபோது, ஜாக் கிராபோர்டு என்னும் மாலுமி குண்டுமாரிக்கு நடுவே மேலே ஏறி, கொடியை மரத்தோடு சேர்த்து ஆணியடித்துவிட்டான். ஆணியடித்த கொடி இறங்காதாகையால் சரணடையும் எண்ணம் இல்லை என்பது வெளிப்படை. ஒன்று வீழினும் மற்றொன்று நிற்கட்டும் என்று போரில் பெரிய கொடிகளைப் பல இடங்களில் ஏற்றும் வழக்கமும் இவ்வெண்ணத்தின் விளைவே. 1805-இல் டிரபால்கர் போருக்கு முன், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று அன்று மூன்று பிரிவுகளாக நின்ற பிரிட்டிஷ் கடற்படையில் நெல்சன் வெள்ளைப் பிரிவின் துணை அட்மிரலாகவும் அவருக்கு அடுத்த காலிங்வுட் நீலப் பிரிவின் துணை அட்மிரலாகவும் இருந்தமையால், புகைமூட்டத்தில் குழப்பம் நேராதிருக்கக் கப்பல்கள் எல்லாம் வெண்கொடியையே ஏற்ற வேண்டும் என்று நெல்சன் ஆணையிட்டார். ஜப்பானியத் தளகர்த்தர் டோகோ 1905 மே 27-ஆம் நாள் சுஷிமாப் போரில் ஏற்றிய, மஞ்சள், நீலம், சிவப்பு, கறுப்பு என்னும் நான்கு நிறமுடைய இசட் கொடி, பேரரசின் கதி இப்போரில் அடங்கியிருக்கிறது என்னும் பொருள் பூண்டு அந்நாட்டுச் சரித்திரத்தில் நிலைத்தது.

கொடியால் மெய்யுரைக்கலாம் என்றால் பொய்யுரைக்கவும் கூடுமல்லவா என்று கேட்பது நியாயமே. பிற நாட்டுக் கொடியின் மறைவில் எதிரியை அணுகுவதைக் கடற்போர் மரபு ஒரு தந்திரமாக அனுமதித்தே வந்திருக்கிறது. ஆனால் சுடத் தொடங்குமுன் பொய்க்கொடி இறங்கி மெய்க்கொடி ஏறிவிட வேண்டும். 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவில் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டெரித்து, நகர மக்களின் நாவில் இன்றளவும் நிலைத்துவிட்ட எம்டன் கப்பல், அவ்வாண்டு அக்டோபர் 28-ஆம் நாள் விடியலில் பினாங்குத் துறையில் நுழைந்தபோது, பொய்யான நான்காவது புகைபோக்கி ஒன்றை நிறுத்தித் தன் உருவத்தை மாற்றியிருந்தது. எனினும் ரஷ்யாவின் ஜெம்சுக் கப்பலைத் தாக்குமுன் தன் ஜெர்மன் கொடியை ஏற்றிய பின்னரே நீர்மூழ்கு குண்டை எய்தது. 1994-இல் தொகுக்கப்பட்ட சான் ரெமோ கடற்போர் விதிகளும் பொய்க்கொடியுடன் தாக்குதல் தொடுப்பதைத் தடை செய்கின்றன. மறைந்துவர இடமுண்டு, மறைந்து கொல்ல இடமில்லை என்பதே நெறி. இந்நெறியைச் சற்றே எள்ளல் கலந்து மீறிய வழக்கம் ஒன்றும் உண்டு. நீர்மூழ்கிகளை நேர்மையற்ற ஆயுதமென்று பிரிட்டிஷ் அட்மிரல் ஒருவர் பழித்ததாகவும், அவற்றின் மாலுமிகளைக் கடற்கொள்ளையராகக் கருதித் தூக்கிலிட வேண்டும் என்று கூறியதாகவும் வழங்கிய பேச்சை நினைவில் கொண்டு, 1914-இல் ஜெர்மன் கப்பல் ஒன்றை மூழ்கடித்துத் திரும்பிய பிரிட்டிஷ் நீர்மூழ்கித் தலைவர் மேக்ஸ் ஹார்ட்டன், தம் நீர்மூழ்கியில் மண்டையோட்டுக் கொள்ளைக்கொடியை ஏற்றிக்கொண்டு துறைமுகத்தில் நுழைந்தார். 1982-இல் அர்ஜென்டினாவின் பெல்கிரானோ போர்க்கப்பலை மூழ்கடித்துத் திரும்பிய பிரிட்டனின் கான்கரர் நீர்மூழ்கியும் இவ்வாறே செய்தது.

கொடியின் அதிகாரம் எத்தகையது என்பதை, அது மறுக்கப்படும் வேளையில்தான் முழுமையாக உணர்கிறோம். 1918 நவம்பர் 21-ஆம் நாள் ஜெர்மன் கப்பற்படை பிரிட்டிஷார் வசம் வந்தபோது, சூரிய அஸ்தமனத்தில் ஜெர்மன் கொடிகளை இறக்குக, அனுமதியின்றி மீண்டும் ஏற்றற்க என்று அட்மிரல் பீட்டி சமிக்ஞை அனுப்பினார். ஏழு மாதம் கழித்து, 1919 ஜூன் 21-ஆம் நாள், ஸ்காபா புளோ நீர்நிலையில் அம்மாலுமிகள் தம் கப்பல்களைத் தாமே மூழ்கடித்தபோது, தடைசெய்யப்பட்ட கொடிகளை மீண்டும் ஏற்றினர். 74 கப்பல்களில் 52 மூழ்கின. இந்திய சரித்திரத்திலும் இதற்கு ஒப்பான ஒரு நாள் உண்டு. 1946 பிப்ரவரி 18-ஆம் நாள், பம்பாயில் தல்வார் என்னும் சமிக்ஞைப் பயிற்சி நிலையத்தில் தொடங்கிய இந்திய மாலுமிகளின் கிளர்ச்சி பல கப்பல்களுக்குப் பரவியபோது, அவர்கள் பிரிட்டிஷ் கொடிகளை இறக்கிவிட்டு, காங்கிரஸ் கொடியையும் முஸ்லிம் லீக் கொடியையும் செங்கொடியையும் ஒருசேர ஏற்றினர். கொடிகளின் மொழியை நாள்தோறும் கற்ற சமிக்ஞைப் பிரிவினர் தொடங்கிய கிளர்ச்சி ஆதலால், அவர்கள் செய்தது இன்னதென்று அவர்களுக்கும் தெரியும், அரசுக்கும் தெரியும். வெளியே தலைவர்கள் பிரிந்து நின்ற காலத்தில் மூன்று கொடிகள் ஒரே கப்பலில் சேர்ந்து பறந்தது, அந்த ஆண்டின் அரசியலில் அரிதாகக் கிடைத்த காட்சி.

இனி, எஞ்சியிருப்பது சின்னத்தின் மாற்றம். பிரிட்டிஷ் கடற்படை சிவப்பு, வெள்ளை, நீலம் என்னும் மூன்று பிரிவுகளாகப் பகுக்கப்பட்டிருந்த பழைய ஏற்பாட்டை 1864-இல் கைவிட்டு, வெண்கொடியைக் கடற்படைக்கும், செங்கொடியை வணிகக் கப்பல்களுக்கும், நீலக்கொடியைப் பிற அரசாங்கக் கப்பல்களுக்கும் உரியதாக்கிற்று. அன்றைய இந்தியப் படைக்கப்பல்கள் 1928-இல் வெண்கொடி ஏற்றும் உரிமை பெற்றன. 1950 ஜனவரி 26-ஆம் நாள் அதன் மூலையில் மூவர்ணம் அமர்ந்தது. செஞ்சிலுவை மட்டும் நின்றது. 2001-இல் சிலுவையை நீக்கி நீல நிறத்தில் கடற்படைச் சின்னத்தைப் பொறித்தனர். நீலம் வானோடும் கடலோடும் கலந்து தெளிவாகத் தெரியவில்லை என்று 2004-இல் சிலுவையை மீட்டு அதன் நடுவே அசோகச் சின்னத்தை வைத்தனர். 2014-இல் அச்சின்னத்தின் கீழ் சத்யமேவ ஜயதே என்னும் வாசகம் சேர்ந்தது. 2022 செப்டம்பர் 2-ஆம் நாள், கொச்சியில் புதிய விக்ராந்த் கப்பல் பணியில் சேர்ந்தபோது, சிலுவை முற்றும் நீங்கி, சிவாஜியின் முத்திரையை நினைவூட்டும் எண்கோணத்தில் நங்கூரமும் தேசியச் சின்னமும் விளங்கும் கொடி ஏற்றப்பட்டது. ரஷ்யாவோ நேர்மாறாக, சோவியத் கொடியை 1992-இல் இறக்கி, ஜார் காலத்துப் புனித ஆண்ட்ரூ சிலுவைக் கொடியை மீட்டது. ஜப்பான் 1889-இல் ஏற்ற உதயசூரியக் கொடியை 1954-இல் தன் தற்காப்புக் கடற்படைக்கு மீண்டும் வரித்துக்கொண்டது. 2018-இல் தென் கொரியாவின் ஜெஜு தீவில் நடந்த சர்வதேசக் கப்பற்படைக் காட்சிக்குத் தேசியக் கொடிகளை மட்டும் ஏற்றி வருமாறு விருந்தோம்பும் நாடு கேட்டுக்கொள்ள, படைக்கொடியை இறக்க இசையாமல் ஜப்பான் விலகிக்கொண்டது. சின்னம் கொண்டவர்க்குக் கௌரவம். கண்டவர்க்கோ பழைய காயம்.

இந்திய மாற்றங்களில் நுனித்து நோக்கத் தக்கது ஒன்றுண்டு. அந்நிய ஆட்சியின் நினைவு என்று சிலுவையை நீக்கிய நாம், அமரத்தில் படைக்கொடி, அணியத்தில் ஜாக், உச்சியில் பென்னன்ட் என்னும் அமைப்பை நீக்கவில்லை. எட்டு மணிக் கொடியேற்றத்தை மாற்றவில்லை. கடற்படைக்கு வெண்மை, வணிகக் கப்பலுக்குச் சிவப்பு, கடலோரக் காவற்படைக்கு நீலம் என்று 1864-இன் வண்ணப் பாகுபாட்டையும் இன்றுவரை வைத்திருக்கிறோம். இதில் முரண் ஏதும் இருப்பதாக யான் கருதவில்லை. சின்னம் ஒரு தேசம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது. அதை மாற்றும் உரிமை அத்தேசத்துக்கே உரியது, அதைப் பற்றிய விவாதமும் அரசியலைச் சேர்ந்தது. முறையோ பிறர் படித்தறிய வேண்டியது. டிராம்பும் பிளேக்கும் பூசலிட்டுக் கற்ற பாடத்தையும், போர்க்களத்தில் மெய்க்கொடி ஏற்றும் நேர்மையையும் உள்ளடக்கியது. எந்த ஒரு நாட்டுக்கும் தனியுடைமை ஆகாதது. ஆதலின் ஒரு கடற்படையின் கண்ணியத்தை மதிப்பிட விரும்புவோர், அதன் கொடியில் எழுதப்பட்டிருக்கும் சின்னத்தைக் கொண்டு மட்டும் தீர்ப்புக் கூறலாகாது. அதை அது எங்கே, எப்போது, எவ்வளவு உண்மையுடன் ஏற்றுகிறது என்பதைக் கொண்டே தீர்ப்புக் கூற வேண்டும்.